பெட்டியில் இருந்த நரி

அண்ணை,

புரட்டாதிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை உங்கள் மனைவி வீட்டுக்கு வந்தார். கையில் பேக்கரியில் பாண் வாங்கும் கடதாசிப் பை. கோட்டைக் கழற்றாமலே பையிலிருந்து ஒரு சிறிய அட்டைப் பெட்டியை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"நிலவறைக் கெல்லரைத் துப்புரவாக்கினனான் அண்ணை. அரிசி மூட்டை வைக்கிற தட்டுக்குப் பின்னாலை கிடந்தது. துவக்கை அப்பவே பொலிசிலை குடுத்தாச்சு. இது எப்பிடித் தப்பினதோ தெரியேல்லை. வீட்டிலை வைச்சிருக்க எனக்குப் பயமாக் கிடக்கு."

"நான் பாக்கிறன் தங்கச்சி."

"உள்ளுக்கை உங்கடை எழுத்துக் கிடக்கு. அதாலைதான் உங்களிட்டைக் கொண்டு வந்தனான்."

தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார். கதவைப் பூட்டிவிட்டு வந்து பெட்டியைத் திறந்தேன். துவக்கு எண்ணெயின் மணம் வந்தது. உங்கள் காரிலும், மழைக்கோட்டிலும், சில வேளை நீங்கள் கொண்டு வந்து தரும் அப்பிள் பழத்திலும் இருந்த அதே மணம். இருபது தோட்டாக்கள் நிற்கவேண்டிய தட்டில் பதினான்கு நின்றன. இரண்டு தரம் எண்ணினேன். அவற்றின் மேல் நான்காக மடித்த ஒரு தாள். என் கையெழுத்தில், கோடுபோட்டு, மூன்று நிறப் பென்சிலால் நான் வரைந்த அட்டவணை. பெட்டியின் மூடியில் அந்த நரி. தலையைத் திருப்பி, பார்க்கிறவனையே பார்க்கிற செம்மஞ்சள் நரி.

இந்த மடலை எழுத உட்கார்ந்து நான்கு நாளாகிறது. குறிப்பு எடுக்காமல் நான் எதையும் தொடங்கமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். எடுத்த குறிப்பெல்லாம் என்னை நல்லவனாகக் காட்டின. அதனால் அவற்றை ஒதுக்கிவிட்டு, நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

நாங்கள் பொருத்தமில்லாத சோடி. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஓல்ட்டன் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த அந்த உணவகத்தின் சமையலறையில், நான் கோப்பை கழுவுகிறவன், நீங்கள் இறைச்சி வெட்டுகிறவர். நான் யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவன், பக்கத்துத் திரிம்பாக் ஊர்க் கோயிலுக்கு வெள்ளி தவறாமல் போகிறவன், மச்சம் மாமிசம் தொடாதவன். நீங்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரர். இலையுதிர் காலம் வந்தால் வேட்டைக்காரர் பின்கதவால் மான்களைக் கொண்டுவருவார்கள். எங்கள் ஊர் மான் இல்லை. றே என்று இவர்கள் சொல்கிற, ஆடு அளவேயான சிறுமான். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சட்டிகளைத் தேய்ப்பேன். நீங்கள் அந்த மான்களை அப்படியும் இப்படியும் புரட்டி, சன்னம் எங்கே நுழைந்தது, எங்கே வெளியேறியது என்று பார்ப்பீர்கள். "இது பாவம், ஓடித்தான் செத்திருக்கு. இது சத்தத்தையே கேட்டிராது" என்று எனக்குக் கேட்க வேண்டுமென்றே சொல்வீர்கள். நான் கேட்காதது போல நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு நான் பாசலில் மருந்துக் களஞ்சியத்தில் வேலைக்குப் போனேன். நீங்கள் இறைச்சித் தொழிற்சாலைக்குப் போனீர்கள். இந்த நாட்டுக் குடியுரிமையோடு சிவப்புக் கடவுச்சீட்டுக் கிடைத்த அடுத்த வருடம் வேட்டைக்காரர் பரீட்சை எடுக்கப்போவதாகச் சொன்னீர்கள். ஞாயிறு பின்னேரங்களில் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், இருந்த பரீட்சைப் புத்தகத்தை நான் வாசித்துத் தமிழில் சொல்ல, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்தீர்கள். மானின் பல்லைப் பார்த்து வயது சொல்வது, இரத்தத்தின் நிறத்தைப் பார்த்து எங்கே பட்டது என்று சொல்வது எல்லாம் எனக்கும் பாடமாகிவிட்டது. வாழ்நாளில் துவக்குத் தொடாத ஒருவனுக்கு அந்தப் பரீட்சை வைத்திருந்தால் எழுத்தில் சித்தியடைந்திருப்பேன்.

நீங்கள் சித்தியடைந்த செய்தி பரவியபோது ஒரு கலியாண வீட்டில் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாரே.

"துவக்குச் சத்தத்துக்கு ஓடி வந்த சனம், இப்ப துவக்கு வாங்க வரிசையிலை நிக்குது!"

சோற்றைப் பிசைந்தபடி நீங்கள் சொன்னீர்கள்: "அங்கை சோதினை வைக்காமல் எல்லாருக்கும் குடுத்தவங்கள். அதுதான் பிழைச்சது. இஞ்சை ரெண்டு வருசம் படிப்பிச்சல்லோ தாறாங்கள்." பிறகு என் முதுகில் தட்டி, "என்ரை வாத்தியார் இவர்தான். இறைச்சி தொடமாட்டார். ஆனா மான் எப்பிடிச் சாகவேணும் எண்டு இவரைக் கேளுங்கோ" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் பாயாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தின் வேட்டைச் சங்கம் உங்களை விருந்தாளியாகச் சேர்த்துக்கொண்டது. விருந்தாளி வேட்டையாடலாம், ஆனால் கூட்டத்தில் பேசமுடியாது. முழு அங்கத்தவராக வேண்டுமென்றால் சில வருடம் பார்த்துவிட்டு வாக்கெடுப்பார்கள். அவர்களுடைய மரக்குடிலின் சுவரில் ஒரு பலகை. அங்கத்தவர்களின் பெயர்களைச் சூட்டுக்கோலால் எழுதியிருந்தார்கள். பாட்டன், மகன், பேரன் என்று ஒரே குடும்பப் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. நீங்கள் ஒருநாள் அந்தப் பலகையின் கீழ்ப்பக்கத்து வெற்றிடத்தை எனக்குக் காட்டினீர்கள்.

"முப்பது வருசமா இந்த நாட்டிலை போற இடமெல்லாம் விருந்தாளிதான். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனா விருந்தாளி எப்பவும் கோட்டைக் கழட்டாமல்தானே இருக்கிறது? இந்த ஒரு பலகையிலை எண்டாலும் பேர் கிடக்கட்டும் ஐசே. செத்தாலும் ஒருத்தரும் சுரண்டி எடுக்கமாட்டாங்கள்."

அதற்காகவே ஒவ்வொரு சனியும் அவர்கள் காட்டோரம் ஏறியிருந்து சுடும் பரண்களுக்கு ஆணி அடித்தீர்கள். தைமாதக் குளிரில் மான்களுக்கு உப்புக்கட்டி வைத்தீர்கள். ஆறு வருடத்துக்கு முன், வாக்கெடுப்பு வரும் இலையுதிர் காலத்தில் என்று முடிவாயிற்று.

அந்த வருடம் சித்திரையில் உங்கள் வலது தோள் பழுதாகிவிட்டது. இருபது வருடம் மாட்டுத் தொடைகளைத் தூக்கிய தோள். பெரிய துவக்கின் உதைப்பை அது இனித் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நீங்கள் ஓய்வுபெற்ற வேட்டைக்காரர் ஒருவரிடமிருந்து சிறிய அளவுத் துவக்கு ஒன்றை வாங்கினீர்கள். ஐந்தரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய குழல். தோளுக்கு நோகாது, இறைச்சியும் சிதையாது. றே மானுக்குச் சட்டம் கேட்கிற வலுவை அது மட்டுமட்டாகத்தான் தாண்டும். அப்படி மட்டுமட்டாக இருக்கும்போது எல்லாமே சன்னத்தின் தெரிவில்தான் தங்கியிருக்கிறது என்று உங்கள் புத்தகத்திலேயே இருந்தது. நான்தான் அதை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நீர் ஒருக்காப் பார்த்துச் சொல்லும். உமக்குத்தான் கணக்கு ஓடும்" என்று மூன்று தோட்டா விலைப்பட்டியல் புத்தகங்களை என் மேசையில் போட்டுவிட்டுப் போனீர்கள்.

இரண்டு கிழமை அதிலேயே கிடந்தேன். சன்னத்தின் எடை, புறப்படும் வேகம், நூறு மீற்றரில் மிஞ்சும் வலு, நூற்றைம்பதில் எவ்வளவு இறங்கும் என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு நிரல். ஒரு சீவன் வேதனைப்படாமல் போகவேண்டும் என்பதுதான் எனக்கு. அதைத் தவிர எனக்கு அதில் என்ன அக்கறை? கோயிலில் நின்றுகூட அதையே யோசித்தேன். கணக்கைச் சரியாகச் செய்தால் பாவம் குறையும் என்று நம்பினேன் போலிருக்கிறது.

முதலில் செப்புச் சன்னம் எடுத்துப் பார்த்தோம். ஈயம் இல்லாதது, இறைச்சியில் நஞ்சு சேராது என்று. சூட்டுப் பழகும் இடத்திலிருந்து, சுட்ட தாளைக் கொண்டுவந்து காட்டினீர்கள். ஓட்டைகள் வட்டமாக இல்லை. பூட்டின் திறப்புத் துவாரம் போல நீண்டிருந்தன. சன்னம் பக்கவாட்டில் புரண்டு போயிருக்கிறது. செப்பு இலேசு என்பதால் அதே எடைக்கு நீளம் கூட. உங்கள் பழைய குழலின் உள்வரிகள் கொடுக்கும் சுழற்சி அந்த நீளத்தை நேராகப் பிடிக்கப் போதவில்லை. அதை நான் கண்டுபிடித்தபோது எவ்வளவு சந்தோசப்பட்டீர்கள்! "நில அளவைக்காரனை விட்டால் ஆருக்கு இது பிடிபடும்" என்றீர்கள். என் தலை கொஞ்சம் பெருத்தது அன்றுதான்.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று, மூக்கு ஈயமாக விட்ட, மெதுவான, கொஞ்சம் பாரமான பழைய வகை. மற்றது, மெல்லிய தோலும் சிவப்பு நெகிழி மூக்கும் கொண்ட இலேசான வகை. என் அட்டவணையில் ஒவ்வொரு நிரலிலும் இரண்டாவதுதான் வென்றது. வேகம் கூட, இறக்கம் குறைவு, நூறு மீற்றரில் வலுவும் ஒரு கைப்பிடி கூட. பச்சைப் பென்சிலால் வட்டம் போட்டேன்.

நீங்கள் பெட்டியை வாங்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தீர்கள். மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"இதிலை நரியெல்லோ கிடக்கு?"

"அது படம்தானே அண்ணை."

"மற்றப் பெட்டியிலை மான் கிடந்தது."

"விக்கிறவங்கள் என்னத்தையும் போடுவாங்கள். கணக்குச் சரி. பாருங்கோ, எல்லா நிரலிலும் இதுதான் மேலை."

நீங்கள் நரியின் மேல் விரலை ஒருமுறை ஓட்டினீர்கள். பிறகு தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தீர்கள். "நீர் சொன்னால் சரி" என்றீர்கள்.

வாழ்க்கையில் நான் எதையும் உறுதியாகச் சொன்னது குறைவு. கடையில் மிச்சக்காசு பிழை என்றால்கூட வாய் திறக்கமாட்டேன். எனக்குத் தெரிந்த உலகத்தில் நான் தயங்கினேன். எனக்குத் தெரியாத உலகத்தில், அதைத் தெரிந்த உங்களிடம், ஒரே ஒரு நாள் தயங்காமல் பேசினேன்.

சூட்டுப் பழகும் இடத்தில் ஐந்து வெடி. ஐந்தும் ஒரு ஐந்து பிராங்க் நாணயத்தின் அளவுக்குள் விழுந்தன. அந்தத் தாளை நான் பல நாள் வைத்திருந்தேன்.

வைகாசியில் ஒரு விடியற்காலை என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். "உம்மடை கணக்கு வேலை செய்யிறதை நீரே பாரும்" என்றீர்கள். பரணில் இரண்டு பேர் இருக்க இடம் நெருக்கம். என் முழங்கால் உங்கள் முழங்காலில் முட்டியபடி இருந்தது. புல்வெளியின் விளிம்பில் பனிப்புகார். அதற்குள்ளிருந்து ஒரு கிடா மான் வந்து நின்றது. சின்னக் கொம்பு, குளிர்கால மயிர் அரைவாசி உதிர்ந்து அழகில்லாமல் இருந்தது. தொண்ணூறு மீற்றர். நீங்கள் மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தினீர்கள்.

வெடிக்குக் கிடா முன்னால் குத்தி விழுந்தது. நான் கண்ணை மூடித் திறந்தேன். அது எழுந்து மூன்று காலில் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

நீங்கள் இறங்கவில்லை. புத்தகத்தில் உள்ளபடி பத்து நிமிடம் காத்திருந்தீர்கள். பிறகு அது நின்ற இடத்துக்குப் போனோம். வெட்டுப்பட்ட மயிர் கொஞ்சம், எலும்புச் சில்லு இரண்டு, இரத்தம் மிகக் குறைவு. அதில் நுரை இல்லை. நுரை இருந்தால் நுரையீரல் என்று நான்தான் உங்களுக்குச் சொல்லித் தந்தேன். நீங்கள் ஒரு சிறு கிளையை முறித்து அந்த இடத்தில் குத்தி அடையாளம் வைத்தீர்கள். தொலைபேசியை எடுத்துச் சங்கத்தின் வேட்டைத் தலைவருக்குச் சொன்னீர்கள். அவர், காயப்பட்ட மிருகத்தைத் தேடும் நாயை வைத்திருக்கிற நாய்க்காரப் பெண்ணைக் கூட்டிவந்தார். மூன்று மணித்தியாலம். நீண்ட வாரில் அந்த நாய் தலையைக் குனிந்தபடி ஒவ்வொரு துளியாக எடுத்துக்கொண்டு போனது. முட்செடிக்குள் கிடா உயிரோடு படுத்திருந்தது. எங்களைக் கண்டதும் எழும்ப முயன்றது. அதை நான் விவரிக்கப் போவதில்லை. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தலைவர் முடித்துவைத்தார். அவர்கள் முறைப்படி அதன் வாயில் ஒரு பச்சைக் கிளையை வைத்தார், கடைசி உணவாக. பிறகு கத்தியால் தோளைத் திறந்து பார்த்தார். சன்னம் தோள் எலும்பில் பட்டதுமே துகளாகிப் போயிருந்தது. உள்ளே போகவே இல்லை. பாண் தூள் போல அதை விரலில் எடுத்துக் காட்டினார். நரியின் தோலைக் கெடுக்காமல், உள்ளுக்குப் போன கையோடு நொறுங்கிப் போவதற்கென்றே செய்த சன்னம். நரிக்கு அது போதும். மானின் தோளுக்குப் போதாது. வேகமும் வலுவும் என் நிரல்களில் இருந்தன. எந்த மிருகத்துக்கு என்ற நிரல் என் அட்டவணையில் இருக்கவில்லை. அந்தத் தகவல் ஒரு படமாக மூடியில் இருந்தது. எழுத்தறியாதவனுக்கும் விளங்கவேண்டும் என்று போட்ட படம்.

தலைவர் கேட்டார்: "இதை யார் தெரிவு செய்தது?"

நான் உங்களுக்குப் பின்னால் மூன்று அடியில் நின்றேன். கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது. உங்களைவிட எனக்கு டொச்சு நன்றாக வரும். சட்டைப்பையில் அட்டவணையின் பிரதி ஒன்று இருந்தது. அதன் மடிப்பு நெஞ்சில் குத்தியது.

நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. "நான்" என்றீர்கள்.

"நீங்களாகவே?"

"ஓம். நானாகவே."

தலைவர் உங்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் நாயைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது காரில் நான் வாய் எடுத்தேன். "அண்ணை, நான் போய்ச் சொல்லுறன்." நீங்கள் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னீர்கள்: "விடும். விசையை இழுத்தவன் நான். உமக்கு அந்த ஆக்களோடை கதைச்சுப் பழக்கமில்லை. நீர் போய் நடுங்கிக்கொண்டு நிண்டால் எனக்குத்தான் கஷ்டம்." அது கோபமா, பகிடியா, பாசமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த நாள் போவதாக நினைத்தேன். பிறகு அடுத்த கிழமை. பிறகு ஒருவேளை என் பேச்சு உங்களுக்கு இன்னும் கெடுதலாகிவிடுமோ என்று யோசித்தேன். யோசனைக்கு என்னிடம் என்றும் பஞ்சமில்லை.

இலையுதிர் காலத்தில் வாக்கெடுத்தார்கள். உங்களை எடுக்கவில்லை. விருந்தாளியாகத் தொடரலாம் என்று கடிதம் வந்தது. அதை என்னிடம் வாசிக்கத் தந்தீர்கள். நான் வாசித்தேன், மொழிபெயர்த்தேன், ஒரு சொல்லும் விடவில்லை. "நல்ல டொச்சிலை எழுதியிருக்கிறாங்கள்" என்று மட்டும் சொன்னீர்கள். அதன் பிறகும் இரண்டு வருடம் அவர்களின் பரண்களுக்கு ஆணி அடித்தீர்கள். பாரமான பழைய வகைச் சன்னம் வாங்கினீர்கள். மூடியில் மான் போட்டது. பிறகு மூன்று வருடம் மருத்துவமனையும் வீடும். போன மாசியில் உங்களைக் கல்லறையில் கொண்டுபோய் வைத்தோம். சங்கத்திலிருந்து தலைவர் மட்டும் வந்திருந்தார். பச்சைக் கோட்டில் கடைசி வரிசையில் நின்று, எல்லாரும் பூப் போட்டபின் ஒரு தேவதாருக் கிளையைப் போட்டார். அன்றும் நான் அவரோடு பேசவில்லை.

உங்கள் மனைவி பெட்டியைக் கொண்டுவந்த அன்று எனக்கு எழுபத்தாறு முடிந்து ஒரு மாதம். பொலிசில் கொடுத்திருக்கலாம். அது பத்து நிமிட நடை. மூன்று நாள் அந்தப் பத்து நிமிடத்தை யோசித்துவிட்டு, தலைவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

பெட்டியை அதே பாண் பைக்குள் வைத்துப் பேருந்தில் ஏறினேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது ஏறிப் பையைத் திறக்கச் சொல்வார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் சோதனைச் சாவடிகளில் பட்ட, நாற்பது வருடத்துக்கு முந்திய பயம், இந்த நாட்டின் பேருந்தில். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் பூனைக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு போனாள்.

தலைவர் தச்சுவேலை செய்தவர். இப்போதும் வீட்டின் பின்னால் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். அங்கேதான் இருத்தினார். நான் சொல்லவேண்டிய வசனங்களை ஒரு மட்டையில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மூன்று வசனம். அந்தத் தோட்டாவைத் தெரிவு செய்தவன் நான். அவர் சந்தேகப்பட்டுக் கேட்டார். நான் சரி என்று சொன்னேன். மட்டையைப் பார்த்துத்தான் வாசித்தேன். அதில் மூன்றாவதை இரண்டு தரம் வாசித்துவிட்டேன்.

அவர் அட்டவணையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அழகாக வரைந்திருக்கிறீர்கள்" என்றார். பிறகு, "உங்கள் நண்பர் இப்படிக் கோடு போடமாட்டார். எங்களுக்குப் பரண் கணக்கு எழுதித் தருவார், யாருக்கும் வாசிக்க முடியாது."

"அப்படியென்றால் உங்களுக்கு அன்றே தெரியுமா?"

"யாரோ என்று தெரியும். நீங்கள் என்று நினைத்தேன்." தாளை மடித்தார். "பிழையான சன்னம் எங்கள் எல்லாருக்கும் ஒருமுறை நடந்திருக்கிறது. எனக்கு இரண்டு முறை. வாக்கெடுப்பில் நான் அவருக்குக் கை உயர்த்தாமல் விட்டது அதற்காக இல்லை. காட்டில் நின்று என் முகத்தைப் பார்த்து அவர் பொய் சொன்னார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காத ஆளோடு துவக்குத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போவது கஷ்டம்."

சீவல் தூள் படிந்த தரையைப் பார்த்துக்கொண்டு நான் இருந்தேன். அண்ணை, உங்கள் பெயர் பலகையில் ஏறாததற்குக் காரணம் சன்னம் என்று ஆறு வருடம் நினைத்திருந்தேன். அதுவே போதுமான பாரமாக இருந்தது. என்னை மறைக்க நீங்கள் சொன்ன அந்த ஒரு சொல்தான் காரணம் என்று அந்தப் பட்டறையில்தான் தெரிந்தது. அன்று நான் மூன்று அடி முன்னால் வந்திருந்தால் போதும்.

"இப்போது விளங்குகிறது" என்றார் தலைவர். அவர் குரலில் கடுமை இருக்கவில்லை. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "எனக்கு மட்டும் சொன்னால் போதாது. வரும் சனி இலையுதிர் கால வேட்டைப் பருவம் தொடங்குகிறது. காலையில் எல்லாரும் குடிலடியில் நிற்பார்கள். வந்து சொல்லுங்கள். இறந்தவரின் பெயரைப் பலகையில் போட்டிருக்கிறோம், முன்பு ஒருமுறை. ஆனால் எல்லாரும் கேட்கவேண்டும்."

சனிக்கிழமை உங்கள் மனைவிதான் காரில் கூட்டிக்கொண்டு போனார். போகும் வழியில் எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். அவர் பாதையிலிருந்து கண் எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும் அண்ணை. கடிதம் வந்த அண்டைக்கே அவரைக் கேட்டனான், நீங்களோ பிழை விட்டது எண்டு. அந்த மனுசன் ஆயுளிலை ஒரு நாள்தான் துணிஞ்சு கதைச்சது, அதையும் பிழை எண்டு எப்பிடிச் சொல்லுறது எண்டு உங்களைச் சொல்லிச் சிரிச்சவர்."

நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

பதினொரு பேர் அரைவட்டமாக நின்றார்கள், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி. ஒருவர் கொம்பு ஊதினார். என் கோயிற் சப்பாத்து ஈரப்புல்லில் ஊறிப்போயிற்று. தலைவர் என்னை முன்னால் வரச் சொன்னார். எண்ணினால் ஐந்து அடி. மட்டையை எடுத்தேன். குரல் வேண்டியதிலும் பார்க்கப் பெரிதாக வந்தது. மூன்று வசனத்தையும் சொன்னேன். இந்த முறை ஒவ்வொன்றும் ஒரு தரம்.

நாய்க்காரப் பெண் கேட்டார். ஆறு வருடத்தில் அவருக்கும் நரைத்துவிட்டது. "அப்படியென்றால் அவர் ஏன் சொல்லவில்லை?"

இந்தக் கேள்விக்கு மட்டையில் பதில் இல்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நான் பயந்தவன் என்று அவருக்குத் தெரியும்" என்றேன்.

தடித்த ஒருவர், வரிசையின் கடைசியில் நின்றவர், தன் தொப்பியைப் பார்த்தபடி, "நரிப் பெட்டி" என்று தனக்குள் சொல்லித் தலையாட்டினார். தலைவர் பங்குனிக் கூட்டத்தில் இதை எடுப்போம் என்றார். அவ்வளவுதான். அவர்களுக்கும் ஒரு முறை இருக்கிறது. முறை என்றால் எனக்கு விளங்கும். பிறகு அவர்கள் காட்டுக்குள் போனார்கள். உங்கள் மனைவி காருக்குள் ஹீற்றரைப் போட்டு என் சப்பாத்தை அதற்கு முன்னால் வைத்தார்.

பங்குனி வரை நான் இருப்பேனோ தெரியாது. வாக்கு எப்படிப் போகும் என்றும் தெரியாது. களைத்துப்போயிருக்கிறேன். பேசிவிட்டால் பாரம் குறையும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிக் குறையவில்லை. ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாறியது போல இருக்கிறது. மாற்றிப் பிடித்தால் கொஞ்சத் தூரம் நடக்கலாம்.

பதினான்கு தோட்டாக்களையும் தலைவர் வாங்கிக்கொண்டார். வெறும் பெட்டியைத் தரமுடியுமா என்று கேட்டேன். தந்தார். இப்போது மேசையில், நான் எழுதும் தாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எண்ணெய் மணம் நாளுக்கு நாள் குறைகிறது. நரி குறையவில்லை. இப்போதெல்லாம் மருந்துக் குப்பி வாங்கினாலும் முதலில் படத்தைப் பார்க்கிறேன், பிறகுதான் எழுத்தை. கணக்குச் சரி என்ற சொல்லை என் வாய் இப்போது சொல்வதில்லை.

ஆனால் உங்கள் கேள்வி போகவில்லை. காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது கேட்கிறது, கோயிற்படியில் சப்பாத்துக் கழற்றும்போது கேட்கிறது. இதிலை நரியெல்லோ கிடக்கு? ஒவ்வொரு தரமும் நான் பதில் சொல்கிறேன், அண்ணை. ஆறு வருடம் பிந்தி.

"ஓம் அண்ணை, நரிதான். நில்லுங்கோ, திரும்ப ஒருக்காப் பாப்பம்."